அச்சு மையும் அச்சு முறைகளும்: அச்சகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஊபி பக்கம் ஓர் அச்சகத்தில் கோப்புகளைச் சரிபார்த்து அச்சுக்கு அனுப்பும் வேலை எனக்கு. தமிழ் பேசும் வாடிக்கையாளர் யார் வந்தாலும் என் மேசைக்குத்தான் அனுப்பிவைப்பார்கள். கல்யாணப் பத்திரிகைக்கு வருகிறவர், கோவில் விழா மலருக்கு வருகிறவர், வீட்டிலிருந்து முறுக்கு சுட்டு விற்கிறவர், ஊரிலிருந்து புதிதாக வந்து இயந்திரத்தில் நிற்கும் தம்பி என்று எல்லாரும் கேட்பது சுற்றிச்சுற்றி ஒரே சந்தேகங்கள். அவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். வேண்டியதை மட்டும் படிக்கலாம். ஆனால் 3-ஆம் கேள்வியைத் தாண்டிப் போகாதீர்கள். பாதிப் பதில்கள் அங்கேதான் வந்து நிற்கும்.

1. மையில அப்படி என்னதான் இருக்கு? பேனா மை மாதிரிதானே?

இல்லை. ஊற்றுப்பேனா மை பெரும்பாலும் தண்ணீரில் கரைந்த சாயம். அச்சு மையில் இருப்பது கரையாத நிறமித் தூள். அதைத் தாங்கிப் பிடித்துத் தாளில் ஒட்டவைக்க ஒரு பிசின். அந்தப் பிசினை இளக்க எண்ணெயோ கரைப்பானோ தண்ணீரோ. இவற்றோடு உராய்வைத் தாங்க மெழுகு, காய்வதை விரைவுபடுத்த கோபால்ட், மாங்கனீசு உப்புகள் என்று சில சில்லறைச் சேர்மானங்கள்.

எந்த முறையில் அச்சிடுகிறோமோ அதற்கேற்ப மையின் பதம் மாறும். ஆஃப்செட் மை குளிர்பெட்டியில் வைத்த நெய்யைப் போல இருக்கும். தகட்டுக் கரண்டியால் எடுத்தால் நூல் இழுக்கும். பிளாஸ்டிக் உறைகளில் அச்சிடும் கிராவியூர் மை தண்ணீராக ஓடும். ஒன்றை மற்றதன் இயந்திரத்தில் ஊற்றினால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது.

2. ஆஃப்செட், டிஜிட்டல், ஸ்கிரீன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. மொத்தம் எத்தனை வகை?

மை எங்கே உட்காருகிறது என்று பார்த்தால் சுலபமாகப் பிரித்துவிடலாம். எழுத்து மேடாக இருந்து, மேட்டில் மை தடவி அழுத்தினால் அது லெட்டர்பிரஸ். 1935-இல் தமிழ் முரசு தொடங்கிய காலத்தில் தமிழ் நாளிதழ்களுக்கு ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்துத்தான் அச்சிட்டார்கள். அதே மேட்டு முறையை வளையும் பாலிமர் தகட்டில் செய்தால் ஃபிளெக்ஸோ: அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் பை, ஒட்டுச்சீட்டு எல்லாம் பெரும்பாலும் இதில்தான். எழுத்து பள்ளமாக இருந்து, பள்ளத்தில் மை நிரம்பினால் கிராவியூர். செம்பு உருளையில் நுண்ணிய குழிகளைச் செதுக்கி, மேலே குரோமியம் பூசி, மேற்பரப்பு மையைக் கத்தி வழித்துவிடும். உருளை செய்யவே செலவு அதிகம் என்பதால் லட்சக்கணக்கில் அச்சிடும் உணவு உறைகளுக்குத்தான் கட்டுபடியாகும்.

ஆஃப்செட்டில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. சமதளமான அலுமினியத் தகடு. எழுத்துள்ள இடம் மையைப் பிடிக்கும், மற்ற இடம் தண்ணீரைப் பிடிக்கும். படம் முதலில் ரப்பர் உறைக்குப் போய் அங்கிருந்து தாளுக்கு வரும். புத்தகம், நாளிதழ், நல்ல அளவில் அடிக்கும் அழைப்பிதழ் எல்லாம் இது. ஸ்கிரீனில் வலையின் ஓட்டை வழியாக மையைத் தள்ளுகிறோம். பேனா, கோல்ஃப் பந்து போன்ற வளைந்த பொருள்களுக்கு சிலிக்கோன் திண்டால் மையை எடுத்து ஒற்றும் பேட் பிரிண்டிங். டிஜிட்டலில் தகடே கிடையாது. டோனர் என்னும் தூள் மையோ இங்க்ஜெட்டோ கோப்பிலிருந்து நேரே தாளுக்கு.

3. மை எப்படிக் காயுது? ஏர்கான் ரூம்ல வெயிலே இல்லையே!

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. வாடிக்கையாளர் சொல்லும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. மை பெரும்பாலும் நான்கு வழிகளில் காயும். முதலாவது உறிஞ்சல்: நாளிதழ்த் தாள் மையின் எண்ணெயைக் குடித்துவிடும், நிறமி மேலே தங்கிவிடும். இரண்டாவது ஆவியாதல்: கரைப்பானோ தண்ணீரோ பறந்துபோய் பிசின் மட்டும் நிற்கும். கிராவியூர், ஃபிளெக்ஸோ, சூட்டு அடுப்பு வழியாக ஓடும் வார, மாத இதழ் அச்சு எல்லாம் இந்த வகை.

மூன்றாவது ஆக்சிஜனேற்றம். தாள்தாளாக ஓடும் ஆஃப்செட்டில் எண்ணெயின் ஒரு பகுதி சில நிமிடங்களில் தாளுக்குள் இறங்கும்; மை தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரும். ஆனால் அது காய்ந்த நிலை இல்லை. மிச்ச எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டிப்படப் பல மணி நேரம் ஆகும், சில தாள்களில் ஒரு நாளுக்கும் மேல். நான்காவது யூவி: மையிலுள்ள ஒளித்தூண்டிகள் புற ஊதாக் கதிர் பட்டதும் வினைபுரிய, மை அதே நொடியில் கெட்டியான படலமாகிவிடும்.

ஆகவே ஒரு வேலை வந்தால் நான் கேட்கும் முதல் இரண்டு கேள்விகள், எதன்மேல் அச்சிடப் போகிறோம், அந்தப் பரப்பு மையைக் குடிக்குமா குடிக்காதா என்பவைதான். நிறம், வடிவம் எல்லாம் அப்புறம். பிளாஸ்டிக் எதையும் குடிக்காது. அதில் உறிஞ்சலை நம்பும் மையைப் போட்டால் என்றைக்கும் காயாது.

4. பேப்பர் படிச்சா விரலெல்லாம் கறுப்பாகுது, புத்தகம் படிச்சா ஆகலையே?

மேலே சொன்ன முதல் வழிதான் காரணம். பெரும்பாலான நாளிதழ் மை கடைசிவரை கெட்டிப்படுவதே இல்லை. எண்ணெய் தாளுக்குள் போகும், கரித்தூள் மேலே தளர்வாகக் கிடக்கும், விரலில் வரும். புத்தக மை ஆக்சிஜனேற்றத்தில் உறுதியான படலமாகிவிடுகிறது.

5. காலைல கோப்பு குடுத்தா சாயந்திரம் பத்திரிகை கிடைக்குமா?

டிஜிட்டலில் கிடைக்கும், டோனர் சூட்டில் உருகி ஒட்டியபடியே வெளியே வருகிறது. யூவி ஆஃப்செட்டிலும் கிடைக்கும். வழக்கமான ஆஃப்செட்டில் கேட்டால், அச்சிட்டுவிடலாம், வெட்டவும் மடிக்கவும்தான் முடியாது. அவசரப்பட்டு வெட்டினால் கத்தி அழுத்தத்தில் ஒரு தாளின் மை அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். இதைத் தடுக்கத்தான் அச்சான தாள்களின்மேல் மாவுச்சத்துப் பொடி தூவுகிறோம். புதுப் பத்திரிகையைத் தடவினால் விரலில் மணல் போல நெருடுவது அந்தப் பொடிதான், அழுக்கு இல்லை.

பளபளப்பில்லாத மேட் தாளும் ரிஃப்ளெக்ஸ் நீலம் என்னும் அடர்நீல மையும் சேர்ந்தால் இன்னும் பொறுமை வேண்டும். அந்த நீலம் மெதுவாகக் காய்வதற்கே பெயர்போனது. அதைப் பின்னணி முழுக்கப் போட்ட வேலையை வெள்ளிக்கிழமை மதியம் கொண்டுவந்து சனிக்கிழமை கேட்பவர்களிடம் நான் நேராகவே சொல்லிவிடுவேன்: நிறத்தை மாற்றுங்கள், அல்லது தேதியை மாற்றுங்கள்.

6. நூறு அடிச்சாலும் ஐநூறு அடிச்சாலும் விலை பெருசா மாறலையே, ஏமாத்துறீங்களா?

ஆஃப்செட்டில் நான்கு நிறத்துக்கு நான்கு தகடு செய்ய வேண்டும். இயந்திரத்தில் ஏற்றி, நான்கும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழும்வரை, மை அளவு சரிப்படும்வரை கழிவுத் தாள்கள் ஓடும். நீங்கள் வாங்கப்போவது நூறானாலும் பத்தாயிரமானாலும் இந்த வேலை ஒன்றுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளுக்கும் ஆவது காகிதமும் கொஞ்சம் மையும் மட்டும். டிஜிட்டலில் தொடக்கச் செலவு ஏறக்குறைய இல்லை, ஆனால் ஒவ்வொரு தாளுக்கும் அதே விலை. ஏ5 அளவு அழைப்பிதழில் சில நூறு படிகளுக்கு மேல் போனால்தான் ஆஃப்செட் லாபம். முன்னூறு பேருக்குக் குறைவான கல்யாணத்துக்கு ஆஃப்செட்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களை நான் தடுப்பேன். பென்கூலன் தெரு சன்ஷைன் பிளாசாவில் இறங்கினால் டிஜிட்டலில் அதே தரத்தில் அடித்துக்கொண்டு போய்விடலாம்.

7. ஃபோன்ல பளிச்சுன்னு இருந்த கலர், கார்டுல மங்கலா வந்திருக்கு. மை கம்மியா போட்டீங்களா?

மை குறைவில்லை. ஃபோன் திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கண்ணுக்குள் அனுப்புகிறது. தாளில் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகள் ஒளியை விழுங்கி மிச்சத்தைத்தான் திருப்பி அனுப்புகின்றன. திரையில் தெரியும் சில நிறங்களை இந்த நான்கு மைகளால் எட்டவே முடியாது. கிளிப்பச்சை, கத்தரிப்பூ ஊதா, மயில் கழுத்துப் பளபளப்பு மூன்றும் எப்போதும் தகராறுதான். மாறாக, மஞ்சளும் குங்குமச் சிவப்பும் நன்றாகவே வரும்: மெஜந்தா 100, மஞ்சள் 100 போட்டால் குங்குமம், மஞ்சள் 100-உடன் மெஜந்தா 15 அல்லது 20 சேர்த்தால் மங்கல மஞ்சள். நம் கல்யாணப் பத்திரிகைகள் இந்த இரண்டு நிறத்தையே சுற்றிவருவது அச்சகத்துக்கு ஒரு வரம்.

தாளும் நிறத்தை மாற்றும். பூச்சுள்ள ஆர்ட் தாளில் மை மேலே நிற்கும், நிறம் துடிப்பாக இருக்கும். பூச்சில்லாத தாள் மையைக் குடித்துவிடும். அதே மை ஒரு படி சோர்ந்துதான் தெரியும். இன்ன நிறம்தான் வேண்டும், துளியும் மாறக்கூடாது என்றால் பேண்டோன் என்னும் நிற அட்டவணையின் எண் சொல்லித் தனி மையாகக் கலக்கச் சொல்லுங்கள். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து பூச்சுள்ள தாளுக்கா இல்லாத தாளுக்கா என்பதைக் குறிக்கும். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பட்டுப்புடவைத் துண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்து இதே நிறம் என்பவர்களும் உண்டு. பட்டு, பார்க்கும் கோணத்துக்கு ஒரு நிறம் காட்டும். தாளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

8. தங்க எழுத்து வேணும். அது தங்க மைதானே?

இரண்டு வழி இருக்கிறது. தங்க மை என்பது செம்பு, துத்தநாகக் கலவைப் பொடி கலந்தது. மங்கிய பொன் நிறம் வரும், நாள்பட்டால் கறுக்கலாம். அழைப்பிதழில் கண்ணாடிபோல் மின்னுவது மையே இல்லை. மெல்லிய படலத்தில் படிந்த அலுமினியத்தின்மேல் மஞ்சள் பூச்சு. சூடான உலோக அச்சால் அழுத்தினால் படலத்திலிருந்து தாளுக்கு இறங்கும். பிள்ளையார் சுழி, தம்பதியர் பெயர் என்ற அளவில் நன்றாக இருக்கும். முழுப் பத்தியையும் படலத்தில் கேட்டால் நான் மறுத்துவிடுவேன். சிறிய தமிழ் எழுத்துகளின் சுழிகள் அடைத்துப்போகும்.

9. இங்கிலீஷ் எழுத்து சரியா வருது, தமிழ் மட்டும் நிழலடிச்ச மாதிரி, சிலது உடைஞ்சும் வருது. மெஷின் கோளாறா?

நிழலும் உடைவும் வேறு வேறு கோளாறுகள். நிழலடிப்பது நிறப்பிரிப்பால். சில மென்பொருள்கள் கறுப்பை நான்கு மைகளும் கலந்த கறுப்பாக மாற்றிவிடும். நான்கு தகடுகளில் ஒன்று மயிரிழை விலகினாலும், உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் ‘ணை’யின் சுழிகளைச் சுற்றி ஒரு பக்கம் இளஞ்சிவப்பும் மறுபக்கம் நீலமும் தெரியும். சுழி அதிகமுள்ள தமிழ் எழுத்துகளில் இது முதலில் கண்ணில் படும். சிறிய எழுத்துகளுக்கு எப்போதும் கறுப்பு மை மட்டும், 100 சதவீதம்.

உடைவது எழுத்துரு விஷயம். ‘கொ’வின் கொம்பு இடம் மாறி ‘க’வுக்குப் பின்னால் போயிருந்தால், வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான பத்தியமைப்பைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று பொருள். தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பை வந்தால், பழைய பாமினி போன்ற எழுத்துருவில் அடித்து, எழுத்துருவைச் சேர்க்காமல் அனுப்பியிருக்கிறீர்கள். பத்தியமைப்பைச் சரிசெய்த பிறகு எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றி, பிடிஎஃப் ஆகக் கொடுத்தால் இரண்டு தொல்லையும் தீரும். மாற்றுவதற்கு முன் தமிழ் தெரிந்த ஒருவர் படித்துப் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது.

10. தைப்பூசத்துக்கு முப்பது டி-சட்டை. ஸ்கிரீனா, டிடிஎஃபா, சப்ளிமேஷனா?

ஒரே நிறம், பருத்தித் துணி என்றால் ஸ்கிரீன். பிளாஸ்டிசால் மை சுமார் 160 பாகை செல்சியசில், மேலே மட்டுமல்ல அடிவரைக்கும் சூடேற வேண்டும். சரியாகச் சூடேறாத மை இரண்டு மூன்று துவைப்பில் வெடித்து உரியும். வேல், மயில், முருகன் படம் என்று பல நிறத்தில், குறைந்த எண்ணிக்கையில் வேண்டுமென்றால் டிடிஎஃப்: படலத்தில் அச்சிட்டு, பசைப்பொடி தூவி, சூட்டில் துணிக்கு ஒட்டுவது. பெரிய படமாகப் போட்டால் நெஞ்சில் பிளாஸ்டிக் தாள் கட்டியதுபோல் காற்றுப் புகாது. காவடி தூக்கி மணிக்கணக்கில் நடக்கப் போகிறவர்களுக்குச் சின்னப் படமே நல்லது.

சப்ளிமேஷனில் சாயம் 200 பாகை அளவில் வாயுவாகிப் பாலியெஸ்டர் இழைக்குள் போய்விடும், கையில் தட்டுப்படவே தட்டுப்படாது. ஆனால் பருத்தியில் பிடிக்காது, கறுப்புத் துணியில் தெரியாது. குவீன்ஸ்வே கடைத்தொகுதியில் விலை கேட்கும் முன் துணி என்ன என்று முடிவுசெய்துகொண்டு போங்கள்.

11. பேப்பர்ல வடை வச்சு சாப்பிட்டா தப்பா? என் முறுக்கு பாக்கெட்ல மை உள்ள இறங்குமா?

நாளிதழில் சூடான எண்ணெய்ப் பலகாரம் வைக்காதீர்கள். 4-ஆம் பதிலில் பார்த்த காயாத மை, சூட்டோடும் எண்ணெயோடும் சேர்ந்தால் உணவுக்கு இறங்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் இதற்கெதிராகவே அறிவுறுத்தியது.

கடையில் விற்கும் பெரிய நிறுவன உறைகளில் மை வெளியிலும் இல்லை, உணவுப் பக்கமும் இல்லை. மேல் படலத்தின் உட்புறத்தில் தலைகீழாக அச்சிட்டு, அதன்மேல் இன்னொரு படலத்தை ஒட்டிவிடுவார்கள். மை நடுவில் சிறைப்பட்டிருக்கும். நகத்தால் சுரண்டினாலும் வராது. வீட்டுத் தொழில் செய்பவர்களுக்கு நான் சொல்வது: அச்சில்லாத, உணவுக்கென்றே விற்கும் பை வாங்கி, வெளியே ஒட்டுச்சீட்டு ஒட்டுங்கள். அச்சிட்ட அட்டைப்பெட்டிதான் வேண்டுமென்றால் உள்ளே தனி உறை இருக்கட்டும்.

வெளிப்பக்கம் அச்சிட்டால் உள்ளே போகாது என்று நினைக்க வேண்டாம். அச்சிட்ட அட்டையை அடுக்கினாலோ சுருட்டினாலோ ஒன்றின் வெளிப்பக்கம் மற்றதன் உட்பக்கத்தைத் தொடும். 2005-இல் இத்தாலியில் குழந்தைகளுக்கான பால் பெட்டிகள் கைப்பற்றப்பட்டது, யூவி மையின் ஒளித்தூண்டியான ஐடிஎக்ஸ் பாலில் இருந்ததால்தான். அதனால் உணவுப் பெட்டி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இடம்பெயர்வு குறைந்த மை என்று தனியாக இருக்கிறது.

12. சோயா மைன்னா முழுக்க இயற்கையா? சாப்பிடலாமா?

சாப்பிட முடியாது. பெட்ரோலிய எண்ணெயின் ஒரு பகுதிக்குப் பதில் சோயா எண்ணெய், அவ்வளவே. நிறமியும் பிசினும் பழையவைதான். மறுசுழற்சியில் தாளிலிருந்து மையைப் பிரிப்பது எளிது என்பது உண்மையான நன்மை. யூவி மை இந்த விஷயத்தில் நேர்மாறு.

13. கடைக் கண்ணாடில ஒட்டின தீபாவளி போஸ்டர் ஆறு மாசத்துல நீலமா மாறிடுச்சே?

சிராங்கூன் சாலையில் வெயில் படும் பக்கம் நடந்தால் இதைப் பார்க்கலாம்: நீலச் சிரிப்போடு ஒரு மாடல், கையில் நீல லட்டு. ஆஃப்செட்டில் வழக்கமாகப் போடும் மஞ்சள், மெஜந்தா நிறமிகள் ஒளியில் சீக்கிரம் சிதையும். தாலோசயனின் என்னும் சியான் நிறமியும் கரிக்கறுப்பும் அசையாது. மற்றவை போய்விட, நீலமும் கறுப்பும் மிஞ்சுகின்றன. வெயிலில் நிற்கப்போகும் பதாகை என்றால் வெளிப்புறத்துக்கான ஈக்கோ-சால்வென்ட், லேடெக்ஸ், யூவி இங்க்ஜெட் மைகளில் கேளுங்கள்.

14. கார்டு அடிச்சு வாங்கினப்போ தட்டையா இருந்துச்சு, வீட்டுல வச்சதும் வளைஞ்சிடுச்சு. ஏன்?

ஒரு பக்கம் மட்டும் லேமினேட் செய்திருப்பீர்கள். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் எப்போதும் அதிகம். படலமில்லாத பக்கம் ஈரம் குடித்து விரியும், மறுபக்கம் விரியாது, அட்டை வளையும். இரண்டு பக்கமும் படலம் போடுங்கள், அல்லது தடித்த அட்டை எடுங்கள்.

15. ஜிஎஸ்டிக்குக் காட்ட வச்சிருந்த ரசீதெல்லாம் வெள்ளையாப் போச்சு. மட்டமான மையா?

மையே இல்லை. கடை ரசீது வெப்பத்தாள்: நிறமற்ற சாயமும் அதை நிறமேற்றும் வேதிப்பொருளும் தாளின் பூச்சிலேயே இருக்கும், சூடான முனை தொட்ட இடம் கறுக்கும். வெயிலும் பிவிசி உறையும் அந்தக் கறுப்பை அழிக்கும்; காருக்குள் இருக்கும் சூடும் கைச் சுத்திகரிப்புத் திரவமும் ரசீதையே படிக்க முடியாமல் கெடுக்கும். வணிகக் கணக்குகளை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதால், வாங்கிய அன்றே படமெடுத்துச் சேமித்துவிடுங்கள்.

16. அண்ணே, நான் பிரஸ்ல புதுசு. பிளேட்ல வெள்ளை இடமெல்லாம் மை பிடிக்குது, தண்ணியக் கூட்டினா கலர் வெளுக்குது. என்ன பண்றது?

தம்பி, ஆஃப்செட்டின் பாதி வேலையே இந்தச் சமநிலைதான். முதலில் தண்ணீரைக் கூட்டாதே, அளந்து பார். தகட்டை நனைக்கும் ஃபவுண்டன் கரைசலின் பிஎச் (அமில அளவு) பெரும்பாலும் 4.5 முதல் 5.5-க்குள் இருக்க வேண்டும். அமிலம் அதிகமானால் மை காயத் தாமதமாகும், 5-ஆம் பதிலில் சொன்ன ஒட்டல் தொல்லை அங்கிருந்தும் வரும். பிஎச் சரியென்றால் நனைப்பு ரோலரின் அழுத்தம், அதில் படிந்த பழைய மை, தகட்டின் பசைப்பூச்சு என்று வரிசையாகப் பார். மை அதிகமாக ஓடும்போது தண்ணீரைக் கூட்டினால் அது மைக்குள்ளேயே குழம்பாகக் கலந்து நிறம் வெளுக்கும். நீ பார்ப்பது அதுதான். மையையும் தண்ணீரையும் இரண்டையும் கொஞ்சம் குறைத்து, தண்ணீரை, வெள்ளையில் மை பிடிக்கத் தொடங்கும் எல்லைக்குச் சற்று மேலே நிறுத்து.

மழை நாளில் கதவைத் திறந்துபோடாதே. தாள்கட்டின் ஓரம் ஈரத்தில் அலையடித்தால் நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று விழாது. தாள்கட்டை இயந்திரத்துக்குப் பக்கத்தில் உறையோடு வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகே பிரி.

கழுவும் திரவத்தைக் கையுறை இல்லாமல் தொடாதே. எண்ணெய் மை துடைத்த துணிகளைக் குவித்து வைத்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம். மூடியுள்ள இரும்புத் தொட்டியில்தான் போட வேண்டும். கரைப்பான் கழிவு சாக்கடைக்குப் போகக்கூடாது, தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்றவர்கள் வந்து எடுத்துப்போவார்கள். ஊற்றச் சொல்லி யாராவது சொன்னாலும் ஊற்றாதே, மேற்பார்வையாளரிடம் சொல்.

17. குளிர்பான டின் உருண்டை, அடி குழிவு. அதுல எப்படி அடிக்கிறாங்க?

ஒரே டின்னில் இரண்டு முறைகள். வெளிப்படம் உலர் ஆஃப்செட்: தகட்டில் எழுத்து மேடாக இருக்கும், ஆனால் நேரே டின்னைத் தொடாமல் ரப்பர் உறை வழியாகப் போகும்; தண்ணீர் தேவையில்லை. எல்லா நிறமும் உறையில் சேர்ந்து, டின் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரே தடவையில் ஒட்டிவிடும். நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட டின்கள் ஓடும்.

அடியிலுள்ள தேதி தொடர் இங்க்ஜெட். முனையிலிருந்து மைத்துளிகள் நிற்காமல் பாயும். வேண்டிய துளிக்கு மட்டும் மின்னூட்டம் கொடுத்து வளைத்து டின்னில் விழவைப்பார்கள், வேண்டாதவை எதிரிலுள்ள குழாய்க்குள் போய்த் திரும்ப மைத்தொட்டிக்கே வரும். முனை டின்னைத் தொடுவதே இல்லை, அதனால் குழிவு ஒரு பொருட்டல்ல. உலோகம் எதையும் குடிக்காது என்பதால் இங்கே 3-ஆம் பதிலின் இரண்டாவது வழி: கரைப்பான் ஓரிரு நொடிக்குள் பறந்துவிடும். அடுத்த முறை டின் வாங்கும்போது தேதி எழுத்துகளை உற்றுப் பாருங்கள், புள்ளி புள்ளியாகத் தெரியும்.